கஞ்சாக் கடையில் காசு போடலாமா?

கேள்வி

நான் கனடாவுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. ஸ்காபரோவில் சொந்த வீடு, தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, வயது 56. அக்காவின் மருமகன் இங்கே ஒரு பிளாசாவில் இப்போது நடந்துகொண்டிருக்கும் கஞ்சாக் கடையை வாங்கப்போகிறார். நான் 120,000 டொலர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொல்கிறார். கையில் அவ்வளவு காசு இல்லை. வீட்டின் மேல் லைன் ஒஃப் கிரெடிட் எடுக்கலாம் என்பதும் அவருடைய யோசனைதான். "அரசாங்கமே மொத்தமாக வாங்கி விற்கிற சாமான் மாமா. பில்லியன் கணக்கில் வருமானம் வருது. இதில் நட்டப்பட வழியே இல்லை" என்கிறார். பிள்ளை கெட்டிக்காரன், நேர்மையானவன். ஆனால் 2018இல் கனோப்பி என்ற கஞ்சாக் கம்பனியின் பங்கு வாங்கிக் கை சுட்டுக்கொண்டவன் நான். மனைவி "கஞ்சா வித்த காசில எனக்குச் சோறு வேண்டாம்" என்று ஒரே பிடியில் நிற்கிறா.

நாட்டுக்கு இவ்வளவு லாபம் என்றால் இந்தக் கம்பனிகள் ஏன் ஒவ்வொன்றாக விழுகின்றன? சட்டமாக்கியதால் உண்மையில் யாருக்கு ஆதாயம்? இலங்கையிலும் ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்க்க விடுகிறார்களாம். ஊரில் காணி வைத்திருக்கும் தம்பி "நாங்களும் இறங்குவமோ" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

– ஸ்காபரோ வாசகர்

பதில்

வீட்டை ஈடு வைத்து இந்தக் கடையில் காசு போடாதீர்கள். காரணங்களைச் சொல்ல நேரமெடுக்கும். முடிவு உங்களுக்கு முதலில் தெரியவேண்டும்.

மருமகன் சொல்கிற எண்கள் பொய்யல்ல. 2023-24 நிதியாண்டில் கனடா முழுவதும் சட்டபூர்வமாக விற்ற கஞ்சாவின் பெறுமதி ஏறத்தாழ 5.2 பில்லியன் டொலர். மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் அந்த ஆண்டு வரியாகவும் லாபமாகவும் சேர்ந்தது இரண்டு பில்லியனுக்கு மேல். ஆனால் அந்த இரண்டு பில்லியனும் போய்ச் சேர்கிற இடம் கடைக்காரரின் கல்லாப்பெட்டி இல்லை. பத்துக் கடை மூடினாலும் பதினோராவது கடையில் அதே கஞ்சா விற்றுப்போகும், அரசுக்கு அதே வரி வரும். அரசு நட்டப்படாது என்பதை வைத்துக்கொண்டு நாங்களும் நட்டப்படமாட்டோம் என்று மருமகன் முடிவுகட்டிவிட்டார்.

கஞ்சா ஏன் விலை கூடிய சாமானாக இருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். வடமராட்சியிலும் மன்னாரிலும் பிடிபட்டதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற "கேரளக் கஞ்சா"வை நினைத்துப் பாருங்கள். அதில் பெரும்பகுதி விளைவது ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளில். அங்கே அது சும்மா ஒரு செடி. மலையிலிருந்து இறங்கி, லொறி ஏறி, தமிழ்நாட்டுக் கரையில் ஒளித்துவைக்கப்பட்டு, இரவில் படகேறி, இந்தப் பக்கம் இறங்குகிறது. கைமாறுகிற ஒவ்வொரு இடத்திலும் விலை ஏறுகிறது. டீசலுக்கும் படகு வாடகைக்கும் போவது அதில் கொஞ்சம்தான். பிடிபட்டால் வருடக்கணக்கில் மறியலில் இருக்கவேண்டும் என்ற பயத்துக்கு ஒவ்வொருவனும் வாங்குகிற கூலிதான் அந்த விலையின் பெரும்பகுதி. பொலிசும் கடற்படையும் எவ்வளவுக்கு இறுக்குகிறார்களோ அவ்வளவுக்கு அந்தக் கூலி கூடும்.

சட்டமாக்கினால் அந்தக் கூலி ஒரே நாளில் தேவையற்றதாகிறது. மிஞ்சுவது நிலம், தண்ணீர், வெளிச்சம், ஆள்கூலி. கலிபோர்னியாவில் கஞ்சாவைச் சட்டமாக்கினால் வரிக்கு முந்திய விலை 80 சதவீதத்துக்கு மேல் விழக்கூடும் என்று ராண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010இலேயே எழுதினார்கள். அந்த மாநிலத்தின் வடக்கே ஹம்போல்ட் கவுண்டியில், மரத்தொழில் படுத்த பிறகு மலைகளுக்குள் கஞ்சா வளர்த்தே பல குடும்பங்கள் பிழைத்தன. 1983 முதல் ஒவ்வொரு கோடையிலும் அரசின் ஆட்கள் ஹெலிகொப்டரில் வந்து செடிகளை வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த வேட்டைதான் இறாத்தலுக்கு ஆயிரக்கணக்கான டொலர் விலையை நிறுத்தி வைத்திருந்தது. 2018 ஜனவரி 1ஆம் திகதி கடைகள் சட்டப்படி திறந்தன. சில வருடங்களில் மொத்த விலை இறாத்தலுக்குச் சில நூறு டொலருக்கு இறங்கியது. ஹெலிகொப்டருக்குத் தப்பிய சின்னத் தோட்டக்காரர் பலர் உரிமக் கட்டணத்துக்கும் வரிக்கும் தப்பவில்லை.

கனடாவிலும் இதுதான் நடந்தது. 2019இன் கடைசிக் காலாண்டில் சட்டபூர்வக் கஞ்சா ஒரு கிராம் சராசரியாக 10.30 டொலர், கள்ளச் சந்தையில் 5.73 டொலர் என்று கனடா புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கிட்டது. இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் 28 கிராம் பொதி 100 டொலருக்குக் கீழே கிடைக்கும். வாங்குகிறவருக்கு இது நல்ல சேதி. கள்ளச் சந்தையை ஒடுக்க நினைத்த அரசுக்கும் நல்ல சேதி. பாவிப்பவர்களில் பத்துக்கு ஏழு பேரளவில் சட்டபூர்வ இடங்களில் வாங்குவதாக 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. கிராம் பத்து டொலர் என்று நம்பி முதல் போட்டவர்களைத்தான் அது அடித்தது. உங்கள் கனோப்பி பங்கும் அதற்குள்தான் அகப்பட்டது.

அந்தக் கம்பனியின் கதையை ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் என்ற ஊரோடு சேர்த்துச் சொன்னால்தான் முழுசாக விளங்கும். ஒட்டாவாவுக்குத் தென்மேற்கே, ரிடோ கால்வாய்க் கரையில், 9,000 பேரளவில் வாழும் சின்னப் பட்டினம். அங்கே ஹேர்ஷி சொக்கலேற் தொழிற்சாலை இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 2008 முடிவில் ஹேர்ஷி அதை மூடியது. ஏறத்தாழ 500 பேருக்கு வேலை போனது. அந்தளவு ஊரில் அது வீட்டுக்கு வீடு இழவு. ஐந்து வருடம் கட்டடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு புரூஸ் லின்ரன் என்ற ஒட்டாவாக்காரர் மருத்துவக் கஞ்சா வளர்க்க அங்கே வந்தார். ட்வீட் என்று தொடங்கிய அந்தக் கம்பனிதான் கனோப்பி குரோத் ஆனது.

2018 ஓகஸ்டில் கொரோனா பியர் விற்கும் கொன்ஸ்ரலேஷன் பிராண்ட்ஸ் அதில் ஐந்து பில்லியன் கனடிய டொலர் போடுவதாக அறிவித்தது. ஒக்ரோபர் 17 நள்ளிரவில், நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில், லின்ரன் தானே கவுண்டரில் நின்று நாட்டின் முதல் சட்டபூர்வக் கிராமை விற்றார். பங்கு 70 டொலரை எட்டியது அந்தக் கிழமைகளில்தான். நீங்கள் வாங்கியதும் அப்போதாகத்தான் இருக்கும். ஊரில் பாதிப்பேர் அப்போதுதான் வாங்கினார்கள். ரில்ரே என்ற இன்னொரு கம்பனியின் பங்கு 2018 ஜூலையில் 17 அமெரிக்க டொலருக்குச் சந்தைக்கு வந்து, செப்டெம்பரில் ஒருநாள் 300ஐத் தொட்டது. அந்த நேரத்தில் சந்தை ஒரு கம்பனியை மதித்தது அது வருடத்துக்கு எத்தனை ஆயிரம் கிலோ வளர்க்க இடம் கட்டியிருக்கிறது என்பதை வைத்து. வாங்க ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் எல்லோரும் கட்டினார்கள். எட்மன்ரன் விமான நிலையத்தருகே அரோரா என்ற கம்பனி எட்டு லட்சம் சதுர அடியில் ஒரு பசுமைக்குடிலைக் கட்டியது. 2022இல் அதை மூடுவதாக அறிவித்தது. 2021இல் மட்டும் விற்க வழியில்லாமல் நாட்டின் உற்பத்தியாளர்கள் அழித்த கஞ்சா 400 தொன்னுக்கு மேல்.

ஸ்மித்ஸ் ஃபோல்ஸுக்கு மறுபடியும் அதே அடி விழுந்தது. 2023 பெப்ரவரியில் கனோப்பி 800 பேரை நிறுத்தி, பழைய சொக்கலேற் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் நட்டம் 3.3 பில்லியன் டொலர். கட்டடத்தைத் திருப்பி வாங்கியது யார் தெரியுமா? ஹேர்ஷியேதான், ஏறத்தாழ 53 மில்லியன் டொலருக்கு. அந்தப் பத்து வருடத்தில் ஊருக்கு வேலை வந்தது, வீட்டு விலை ஏறியது, சாப்பாட்டுக் கடைகள் திறந்தன. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தது கஞ்சா விற்ற லாபம் அல்ல. உங்களைப்போலப் பங்கு வாங்கியவர்களின் காசுதான் சம்பளமாக, கொங்கிறீட்டாக, மின்சாரக் கட்டணமாக அந்த ஊருக்குள் போனது. முதலீடு வரும்போது ஊரில் நடக்கிற கலகலப்பை லாபம் என்று எண்ணிவிடக்கூடாது. இந்தத் தொழிலின் பொருளாதாரத்தைப் பற்றி வருகிற பெருந்தொகை மதிப்பீடுகள் பலவற்றில் இந்தக் கட்டடக் காசும் சேர்ந்தே எண்ணப்பட்டிருக்கிறது.

விலை விழுந்தபோது அரசு ஏன் விழவில்லை என்பதுதான் அடுத்தது. மத்திய அரசு போட்ட கலால் வரி ஒரு கிராமுக்கு ஒரு டொலர், அல்லது விலையில் 10 சதவீதம். இரண்டில் எது கூடவோ அது. அதில் முக்கால் பங்கு மாகாணங்களுக்கு. கிராம் பத்து டொலர் விற்கும் என்று நினைத்தபோது இரண்டும் ஒன்றுதான். உற்பத்தியாளருக்குக் கிராம் மூன்றரை டொலர் கிடைக்கிற நிலை வந்தபோது அதே ஒரு டொலர் அவருடைய வரவில் 28 சதவீதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு மேல் ஹெல்த் கனடாவுக்கு வருமானத்தில் 2.3 சதவீதக் கட்டணம். காசு கைக்கு வருமுன்பே வரியைக் கட்டவேண்டி வந்ததால் பல கம்பனிகள் வரிப்பாக்கியோடுதான் கடனாளர் பாதுகாப்புக்குப் போயின.

அமெரிக்காவின் கொலராடோ வேறு வழியில் போனது. 2014 ஜனவரி 1ஆம் திகதி கடை திறந்த அந்த மாநிலம் விலையின் சதவீதமாகத்தான் வரி எடுக்கிறது. அதனால் 2021இல் 423 மில்லியன் டொலராக இருந்த கஞ்சா வரி, விலை சரிந்ததும் பக்கத்து மாநிலங்கள் கடை திறந்ததும் சேர்ந்து, 2023இல் 274 மில்லியனுக்கு இறங்கியது. நியூ மெக்சிக்கோ எல்லைக்குப் பக்கத்தில் ட்ரினிடாட் என்று ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். நியூ மெக்சிக்கோக்காரரும் டெக்சாஸ்காரரும் நெடுஞ்சாலையில் வந்து வாங்கிக்கொண்டு போனதால் சின்ன ஊருக்குள் கடைகள் வரிசையாக முளைத்தன. 2022 ஏப்ரலில் நியூ மெக்சிக்கோ தானே விற்கத் தொடங்கியதும் அந்தக் கூட்டம் கரைந்தது. கொலராடோவில் விலை விழுந்தபோது விவசாயியும் மாநிலமும் சேர்ந்தே விழுந்தார்கள். கனடாவில் வரி எடையில் போடப்பட்டிருப்பதால் விலை இறங்கினாலும் அரசுக்கு வருவது நிற்கவில்லை. சுமை முழுவதும் உற்பத்தியாளர் தலையில்.

இனி உங்கள் கடைக்கு வருவோம். ஒன்ராறியோவில் 2019 ஏப்ரலில் கடைகள் தொடங்கியபோது குலுக்கல் முறையில் 25 பேருக்குத்தான் அனுமதி. அந்தக் காலத்தில் கடை கிடைத்தவர்கள் உண்மையில் சம்பாதித்தார்கள். மருமகன் காதில் விழுந்த கதைகள் அந்தக் காலத்துக் கதைகளாக இருக்கலாம். 2020இல் குலுக்கலை எடுத்துவிட்டு, தகுதி உள்ள எவருக்கும் அனுமதி என்றார்கள். சில வருடங்களில் கடைகள் 1,700ஐ ஒட்டி வந்துவிட்டன. மாகாணத்தில் எல்.சி.பி.ஓ மதுக்கடைகளே 700க்குக் குறைவு. மார்க்கம் நகரசபை 2018 முடிவில் தன் எல்லைக்குள் கடையே வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதன் எல்லையான ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே, எங்கள் பக்கத்தில்தான், ஒரு பிளாசா தள்ளி ஒரு கடை.

எல்லாக் கடையும் ஒன்ராறியோ கஞ்சாக் கடை என்ற மாகாண அரசு நிறுவனத்திடமிருந்து மட்டும்தான் கொள்வனவு செய்யலாம். அரசாங்கமே மொத்த வியாபாரி என்பதை மருமகன் பலமாகச் சொல்கிறார். எனக்கு அதுதான் பலவீனமாகத் தெரிகிறது. ஒரு மளிகைக் கடைக்காரர் நல்ல மீன் எங்கே மலிவாக வரும் என்று தேடிப் பிடித்து வாங்கி அடுத்த கடையை வெல்லலாம். இங்கே அது முடியாது. எல்லாருக்கும் ஒரே பட்டியல். அதே நிறுவனம் இணையத்தில் உங்கள் வாடிக்கையாளருக்கு நேரடியாகவும் விற்கிறது. போத்தல்களைப் பாருங்கள்: ஒரே மாதிரி வெற்று நிறம், ரி.எச்.சி என்ற சிவப்பு அடையாளம், மஞ்சள் பெட்டிக்குள் சுகாதார எச்சரிக்கை, மேலே மாகாணத்தின் வரி முத்திரை. விளம்பரத்துக்கும் கடும் கட்டுப்பாடு. வெளியிலிருந்து பிள்ளைகள் கண்ணில் சாமான் படக்கூடாது என்பதால் பல கடைகளின் கண்ணாடி மங்கலாக்கப்பட்டிருக்கும். உள்ளே தனியாக நிற்பவருக்கு அது கொள்ளைப் பயத்தையும் கூட்டுகிறது. மிஞ்சுகிற ஒரே போட்டி விலைக்குறைப்பு. பக்கத்துக் கடை ஐந்து டொலர் குறைத்தால் நீங்களும் குறைக்கவேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. மாத விற்பனை 60,000 டொலர் என்றும், கொள்வனவு விலை போகக் கையில் நிற்பது 28 சதவீதம் என்றும் வையுங்கள்: 16,800. வாடகை 6,500. காலை பத்திலிருந்து இரவு பத்துவரை இரண்டு பேர் நின்றால் மாதம் 720 மணித்தியாலம்; ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 17.60 டொலர், அதன்படி 12,672. இரண்டையும் கூட்டினால் 19,172. காப்புறுதி, பாதுகாப்புக் கமெரா, கணினி, உரிமக் கட்டணம் எதையும் தொடமுன்பே மாதம் 2,372 டொலர் துண்டுவிழுகிறது. அதற்கு மேல் உங்கள் லைன் ஒஃப் கிரெடிட்: 6 சதவீத வட்டி என்றாலும் மாதம் 600 டொலர் வட்டி மட்டும். மருமகனும் அவருடைய மனைவியும் சம்பளம் எடுக்காமல் கவுண்டரில் நின்றால் கடை ஓடும். அப்படி எத்தனை வருடம் நிற்பார்கள்? பெரிய கைகளே தாங்கவில்லை. ஃபயர் அன்ட் ஃப்ளவர் 2023இலும் டோக்கியோ ஸ்மோக் 2024இலும் கடனாளர் பாதுகாப்புக் கேட்டுப் போயின.

இன்னொன்றையும் யோசியுங்கள். இவ்வளவு நல்ல தொழில் என்றால் மருமகன் ஏன் வங்கியிடம் போகவில்லை? பெரிய வங்கிகள் சின்னக் கஞ்சாக் கடைகளுக்கு நேரடியாகக் கடன் கொடுக்க இன்றும் தயங்குகின்றன. கடையை நம்பிக் கொடுக்காத கடனை உங்கள் வீட்டை நம்பி வங்கி கொடுக்கும். கடை மூடினால் வங்கிக்கு எதுவும் குறையாது. கடனைக் கட்டுவது நீங்கள். பிள்ளை ஏமாற்றுகிறான் என்று இதை எடுக்கவேண்டாம். அவருக்கே இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம்.

சட்டமாக்கியதே பிழை என்று சொல்லுகிறேனா? இல்லை. நான் அதை ஆதரிக்கிறேன். 2017இல் கனடாவில் கஞ்சா தொடர்பாகப் பொலிஸ் பதிவு செய்த குற்றங்கள் சுமார் 48,000. பெரும்பாலானவை விற்றதற்கல்ல, கையில் வைத்திருந்ததற்கு. பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் மீது அப்படி ஒரு பதிவு விழுந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் அது முன்னுக்கு வந்து நிற்கும். எல்லை கடந்து நியூ ஜெர்சியில் சித்தியின் வீட்டுக்குப் போவதும் சந்தேகம்தான். ஒரு வாழ்நாள் உழைப்பில் அது எவ்வளவு குறைக்கிறது என்பது எந்த வரிக் கணக்கிலும் வராது. சட்டமாக்கியதால் கிடைத்த ஆதாயங்களில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான், இரண்டு பில்லியனுக்கு அல்ல. ஆனால் பழைய பதிவுகளை ஒதுக்கிவைக்க 2019இல் கொண்டுவந்த கட்டணமில்லாத திட்டத்தில் 2021 இலையுதிர் காலம்வரை பயன்பெற்றவர்கள் 500 பேருக்கும் குறைவு. பங்குச் சந்தைக்குக் காட்டிய அவசரத்தில் கொஞ்சத்தையாவது இவர்களுக்குக் காட்டியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு உண்டு.

உங்கள் மனைவி சொன்னதைப் பழைய ஊர்ப்புத்தி என்று தள்ளிவிடாதீர்கள். அவவின் பேச்சில் ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. கஞ்சா பாவிக்கிற கனடியரில் கூடுதலாகப் பாவிக்கும் 10 சதவீதத்தினர்தான் மொத்தத்தில் 66 சதவீதத்தைப் பாவிக்கிறார்கள் என்று 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கலியாண வீட்டுக்குப் போய்வந்து எப்போதாவது ஒன்று பத்துகிறவர்களால் எந்தக் கடையும் ஓடாது. காலை எழும்பியதும் தேவைப்படுகிறவர்தான் கடையின் வாடகையைக் கட்டுகிறார், அரசின் வரியையும் கட்டுகிறார். இன்னும் சில செலவுகள் வேறு கணக்கில் விழுகின்றன. உண்ணும் வகைக் கஞ்சா 2020இல் ஒன்ராறியோக் கடைகளுக்கு வந்த பிறகு, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைத் தவறுதலாகச் சாப்பிட்டு அவசர சிகிச்சைக்கு வருவது சட்டத்துக்கு முந்திய காலத்தைவிடப் பல மடங்கானது. கஞ்சாவுக்கு அடிமையான நிலையோடு தொடர்புபடுத்தக்கூடிய புதிய மனச்சிதைவு நோயாளரின் பங்கு, சட்டத்துக்கு முந்திய காலத்தில் 3.7 சதவீதம், சட்டமாக்கிய பிறகு 10.3 சதவீதம் என்று ஒன்ராறியோவை வைத்து 2025இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கஞ்சாதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள எந்த வீடும் அந்த எண்ணைக் கடந்து போகமுடியாது. ஆஸ்பத்திரிக் கட்டில், வேலைக்குப் போகாத மகன், அவனைப் பார்க்க வேலையை விட்ட தாய்: கலால் வரிப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இவற்றை யாரும் எழுதிவைப்பதில்லை.

கியூபெக் இதில் புத்தியாக நடந்தது என்பது என் கருத்து. அங்கே கடைகளை மாகாண அரசே நடத்துகிறது. ஒன்ராறியோவின் சனத்தொகையில் பாதிக்கு மேல் உள்ள இடத்தில் கடைகள் நூறளவில்தான். வயதெல்லையை 2020 ஜனவரியில் 21 ஆக்கினார்கள். பிள்ளைகளைக் கவரும் இனிப்பு வகைகளை விடவில்லை. கடையின் லாபம் தடுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பொதுத் தேவைக்கும் போகிறது. யாரும் அங்கே வீட்டை ஈடு வைத்துக் கடை திறக்கவேண்டியதில்லை. விற்பனையைக் கூட்டியே ஆகவேண்டும் என்ற நெருக்குதலும் இல்லை. ஒன்ராறியோவிலும் இதுபோல அரசுக் கடைகளே திறப்பதாக முதலில் இருந்த திட்டத்தை 2018இல் வந்த அரசு மாற்றியது. அந்த மாற்றத்தின் விலையைத்தான் இப்போது பிளாசாக்களில் சின்னக் கடைக்காரர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. இலங்கையில் 2025இல் அனுமதி கிடைத்தது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு, முதலீட்டுச் சபையின் கீழ், மீரிகமவில், ஏற்றுமதிக்காக மட்டும். ஊர்க் காணியில் யாரும் விதைக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. விதைத்தால் பொலிஸ்தான் வரும். வெளியே உள்ள சந்தையையும் பாருங்கள். ஜேர்மனி 2024 ஏப்ரலில் சட்டத்தைத் தளர்த்திய பிறகு அங்கே மருத்துவக் கஞ்சா இறக்குமதி பெருகியது. அங்கே அதிகமாக ஏற்றுமதி செய்தது கனடா, இங்கே விற்க வழியில்லாமல் தேங்கியிருந்த அதே உற்பத்தி. அந்தச் சந்தைக்குள் போக ஐரோப்பிய மருந்துத் தரச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஆய்வுகூடமும் மூடிய கட்டடமும் வேண்டும். தம்பியின் காணியில் வெங்காயமும் புகையிலையும் விளைந்திருக்கலாம், இது அந்த வகைப் பயிர் இல்லை.

மருமகனிடம் "மாட்டேன்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவேண்டியதில்லை. சில பத்திரங்களைக் கேளுங்கள். கடந்த இரண்டு வருடத்தின் எச்.எஸ்.ரி அறிக்கைகள்; மொத்த விற்பனை நிறுவனத்தின் மாதாந்தப் பற்றுச்சீட்டுகள்; கடைக் குத்தகை. சொந்தக்காரர் ஏன் விற்கிறார் என்பதை அவர் வாயால் கேட்பதைவிட இவற்றில் பார்ப்பது நல்லது. ஒன்ராறியோச் சட்டப்படி கடை அனுமதியைக் கைமாற்ற முடியாது. வாங்குகிறவர் மாகாண மது, சூதாட்ட ஆணையத்திடம் தானே விண்ணப்பிக்க வேண்டும் அல்லது கம்பனியின் பங்குகளை வாங்கி ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். பங்குகளை வாங்கினால் அந்தக் கம்பனியின் பழைய கடனும் வரிப்பாக்கியும் சேர்ந்தே உங்களிடம் வரும். நீங்கள் கனடியப் பிரஜை என்றால், சொந்தக் காரியமாக அமெரிக்காவுக்குப் போவதற்குக் கஞ்சாத் தொழில் பொதுவாகத் தடையில்லை என்று எல்லை அதிகாரிகள் 2018இல் அறிவித்தார்கள். தொழில் தொடர்பாகப் போனால் திருப்பி அனுப்பலாம். அடிக்கடி எல்லை கடப்பவர் என்றால் இதையும் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவையுங்கள்.

அவர் பிடிவாதமாக நின்றால், உறவுக்காக, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய தொகை ஒன்றைச் சேமிப்பிலிருந்து கொடுங்கள், கடனெடுத்து அல்ல. குத்தகையில் தனிப்பட்ட உத்தரவாதம் என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடை மூடிய பிறகும் மிச்சமுள்ள வருடங்களின் வாடகைக்குக் கையெழுத்துப் போட்டவரைத்தான் தேடி வருவார்கள்; அதில் உங்கள் பெயரைப் போட விடாதீர்கள்.